எண்ணெய் உருகும் வரை

எங்கள் பழைய வெள்ளைக் காரின் முன்பலகையில் இடமும் வலமுமாக நகரும் ஒரு சின்னக் கைப்பிடி இருந்தது. அதன் ஒரு முனையில் நீலக் கோடு, மறுமுனையில் சிவப்புக் கோடு. கருமத்தம்பட்டியில் கார் வைத்திருந்த யாரும் அதைச் சிவப்புப் பக்கம் நகர்த்தி நான் பார்த்ததில்லை. வருடத்தின் பெரும்பகுதி வெயிலைத் திட்டிக்கொண்டிருக்கும் ஊரில், காருக்குள் சூட்டை வேண்டி வரவழைப்பவரைச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். மெக்கானிக்குகளே ஹீட்டருக்குப் போகும் ரப்பர் குழாயைக் கழற்றிவிட்டு நேராக இணைத்துவிடுவார்கள். ஒழுகும் தொல்லை மிச்சம்.

எங்கள் காருக்கு அது நடக்கவில்லை. கோத்தகிரியில் ஒருவரிடமிருந்து அப்பா வாங்கியது. மலையில் ஓடிய கார் என்பதால் ஹீட்டர் உயிரோடு இருந்தது. அதை வாங்கி இரண்டு வருடமாகியும் அந்தக் கைப்பிடி நீலத்திலேயே நின்றது. அது சிவப்புக்குப் போனது ஒரே ஒரு தை மாதத்தில்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது. அந்த மாதத்தில் எங்கள் வீட்டில் நடந்த எதுவும் நடந்த நேரத்தில் எனக்குப் புரியவில்லை.

அப்பா ஒரு சைசிங் மில்லில் மேனேஜர். தறிக்குப் போகும் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டு, நீராவி உருளைகளில் ஓட்டிக் காயவைக்கும் இடம் அது. மில் காம்பவுண்டுக்குள்ளேயே எங்கள் வீடு. ஒரு பக்கம் பாய்லர், மற்ற மூன்று பக்கமும் விசைத்தறிக் கூடங்கள். தறிச் சத்தம் ஓயாது. ஒருவர் பேசுவதைக் கேட்பதைவிட வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வதற்கே நாங்கள் பழகியிருந்தோம். காரை மில் ஷெட்டின் ஓரத்தில், எங்கள் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே நிறுத்தியிருப்போம்.

அப்பாவின் தங்கை, என் அத்தை, தலைப் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். மாமா போர் போடும் ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசத்தில் இருந்தார். ரிக் போனால் திரும்ப மாதங்கள் ஆகும். பிரசவம் சொன்ன நாளுக்கு வெகு முன்னாலேயே வந்துவிட்டது. அப்பா அத்தையைக் கோயமுத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மறுநாள் வந்து அம்மாவிடம் சமையலறையில் சொன்னதை நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ஆம், பார்த்தேன்தான். தறிச் சத்தத்தில் எதுவும் காதில் விழவில்லை. அப்பா இரண்டு விரலைக் காட்டினார். அம்மா சட்டென்று எட்டி அந்த இரண்டு விரலையும் தன் கையால் மூடினாள்.

பிறகு என்னைக் கண்டுகொண்டு, கன்னத்தைப் பிடித்துத் திருப்பிச் சொன்னாள்.

"யாராச்சும் கேட்டா ஒரு பாப்பான்னு சொல்லோணும். ஒண்ணுன்னு மட்டும். கேட்டுச்சா?"

"ரெண்டு இல்லீங்களாம்மா?"

"ஒண்ணு."

எனக்கு வகுப்பில் கணக்கு நன்றாக வரும். ஆகவே இது என்னை மிகவும் தொந்தரவு செய்தது.

முதல் குழப்பம் இப்படி ஆரம்பித்தது. வீட்டுப்படி ஏறாத பிள்ளைகளை எண்ணிச் சொன்னால் கண் பட்டுவிடும் என்பது எங்கள் குடும்பத்தின் நம்பிக்கை. இதை எனக்கு யாரும் விளக்கவில்லை. விளக்குவதும் ஒருவகையில் எண்ணுவதுதான் என்று அம்மா நினைத்திருக்கலாம்.

சில வாரங்கள் கழித்து அத்தை வீட்டுக்கு வரும் நாள் குறித்தார்கள். ஆஸ்பத்திரிகளில் வழக்கமாக டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு, பதினோரு மணிக்கு மேல்தான் அனுப்புவார்கள். அதற்குள் வெயில் ஏறிவிடும், குளிர் என்ற பேச்சே இருக்காது. ஆனால் அன்று திங்கட்கிழமை. ராகு காலம் ஏழரைக்கு ஆரம்பம். ஆஸ்பத்திரி அனுப்பும் பதினோரு மணிக்கு எமகண்டம், அதுவும் முடிந்தால் மதியத்திலிருந்து அஷ்டமி. ஏழரைக்கு முன்னால் பிள்ளை படி ஏறியாக வேண்டும் என்று ஜோசியர் சொல்லிவிட்டார். அப்பா ஞாயிற்றுக்கிழமையே போய்க் கெஞ்சி எல்லாக் காகிதங்களிலும் கையெழுத்துப் போட்டு, விடியற்காலை ஆறு மணிக்கு மேல் அழைத்துப்போக அனுமதி வாங்கிவந்தார். டாக்டர் சம்மதித்துவிட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டாராம். குறைமாதக் குழந்தை, உடம்புச் சூடு குறையக் கூடாது, கார் சூடாக இருக்க வேண்டும்.

வருடத்திலேயே குளிர் அதிகமான மாதத்தில், ஒரு நாளிலேயே குளிர் அதிகமான நேரத்தைப் பொறுக்கி எடுத்துவிட்டு, அந்தக் குளிரை எப்படி விரட்டுவது என்று எங்கள் வீடு யோசிக்க ஆரம்பித்தது.

அப்பாதான் ஹீட்டரை நினைவுபடுத்தினார். எவ்வளவு சூடு போதும் என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று அம்மா கேட்டாள். அதற்கும் அப்பாவிடம் பதில் இருந்தது. அலமாரியில் இருந்து தேங்காய் எண்ணெய் பாட்டிலை எடுத்துக் காட்டினார். அந்த மாதத்தில் காலையில் அது மெழுகுபோல் வெள்ளையாக உறைந்திருக்கும். தலைக்கு வைக்க வேண்டுமென்றால் அடுப்போரம் வைத்து உருக்க வேண்டும்.

"இது கார்ல உருகிப்போச்சுன்னா புள்ளைக்குப் போதுமான சூடுன்னு அர்த்தம்" என்றார்.

திங்கட்கிழமை ஐந்து மணிக்கு முன்னால் என்னை எழுப்பினார்கள். காம்பவுண்டு முழுவதும் பனி இறங்கியிருந்தது. ஷெட் விளக்கைச் சுற்றி மட்டும் ஒரு மஞ்சள் வட்டம். அம்மா தலைக்குத் துண்டைக் கட்டிக்கொண்டு ஆரத்திக்குத் தட்டு தேய்த்துக்கொண்டிருந்தாள். அப்பா காரை ஸ்டார்ட் செய்து, கைப்பிடியைச் சிவப்புக்குத் தள்ளி, ஃபேனைப் போட்டார். எண்ணெய் பாட்டிலை முன்பலகையின் மேல் வைத்தார். என்னைப் பின்சீட்டில் உட்காரவைத்தார்.

"கண்ணு, இங்கயே உக்காந்து பாட்டலைப் பாத்துட்டே இருக்கோணும். முச்சூடும் உருகிருச்சுன்னா என்னையக் கூப்புடு. ஜன்னலைத் தொறந்துபோடாதே. சூடெல்லாம் வெளிய போயிரும்."

அம்மா ஜன்னல் வழியே கேட்டாள்: "ஏனுங்க, கோயமுத்தூரு போறதுக்குள்ள தன்னால சூடாயிராதுங்களா? இங்கயே எதுக்குங்க நிறுத்தி வெச்சு?"

"வழில சூடாவறது வேற, சூடாக்கிட்டுப் போறது வேற" என்றார் அப்பா. அந்த இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவருக்கு ஏதாவது செய்துகொண்டே இருக்க வேண்டியிருந்தது என்று மட்டும் ஊகிக்கிறேன்.

பாய்லர் பார்க்கும் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தார்.

"மேனேஜருங்க, அங்க நாலு டன் பாய்லர் சும்மா எரிஞ்சுட்டு இருக்குது. காரைக் கொண்டாந்து பக்கத்துல நிறுத்துனா பத்து நிமிசத்துல இட்லியே வெந்துருமுங்க. எதுக்குங்க பெட்ரோலைப் போட்டுக் கொளுத்தறீங்க?"

"நீ போயி பிரசரைப் பாரு" என்றார் அப்பா.

எல்லோரும் போய்விட்டார்கள். நானும் பாட்டிலும் மட்டும் இருந்தோம்.

இரண்டு வருடமாகத் திறக்காத துவாரங்களிலிருந்து முதலில் தூசி வந்தது. அதன் பின்னால் ஒரு வாசனை வந்தது. நீலகிரித் தைலம். கோத்தகிரிக்காரர் எப்போதோ காருக்குள் அதைக் கொட்டியிருக்க வேண்டும். சூடு ஏற ஏற அது தரையில் இருந்தும் சீட்டின் அடியில் இருந்தும் கிளம்பியது. கண் எரிந்தது. வெறும் வயிறு வேறு. பாட்டிலில் ஓரங்கள் மட்டும் கண்ணாடிபோல் தெளிந்திருந்தன, நடுவில் வெள்ளைக் கட்டி அப்படியே நின்றது. அது சுருங்குவதைப் பார்க்கப் பார்க்க எனக்குக் குமட்டியது. கடைசியில் ஜன்னலைக் கீழே இறக்கித் தலையை வெளியே நீட்டி மூச்சுவிட்டேன். எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. நன்றாக இருந்தது, அது மட்டும் நினைவிருக்கிறது.

அப்பா சட்டை மாற்றிக்கொண்டு படியிறங்கி வருவது தெரிந்ததும் ஜன்னலை ஏற்றினேன்.

"உருகிருச்சா கண்ணு?"

"உருகிருச்சுங்கப்பா."

சொல்லிக்கொண்டே பாட்டிலைப் பாவாடைக்குள் சுருட்டிக்கொண்டு இறங்கினேன். அவர் பார்க்கவில்லை. அம்மாவை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் சமையலறை விளக்கில் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தேன். பாதி தண்ணீர், பாதி கட்டி. சரியாகப் பாதி.

ஏழு மணி தாண்டியதும் கார் திரும்பி வந்தது. காம்பவுண்டு கேட்டுக்கு எதிர்வீட்டு அக்கா ஆரத்தித் தட்டோடு நின்றிருந்தார். பக்கத்துக் கூடத்துப் பெண்கள் நாலைந்து பேர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். அத்தை காதில் பஞ்சு வைத்து, சால்வை சுற்றி, மெதுவாக இறங்கினாள். அம்மாவின் கையில் சென்னிமலைப் போர்வைக்குள் ஒரு மூக்கு தெரிந்தது. ஒரு மூக்குதான். ஆரத்தி சுற்றும்போது நான் காரின் பின்சீட்டை எட்டிப் பார்த்தேன். ஒரு பிளாஸ்டிக் கூடையும் ஒரு பழைய துண்டும் கிடந்தன. முன்சீட்டிலும் பார்த்தேன். டிக்கி மூடியிருந்தது, அதைத் திறந்து காட்டச் சொல்லிக் கேட்கலாமா என்று யோசித்தேன்.

"இன்னொண்ணு?" என்றேன் அம்மாவிடம்.

"உள்ள போ" என்றாள் அம்மா, சிரித்த முகம் மாறாமல்.

"பொட்டப்புள்ளைங்களா? ஒண்ணேதானுங்களா?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஒண்ணுதானுங்க" என்றாள் அம்மா.

அத்தை அந்த நேரத்தில் முகத்தைச் சால்வைக்குள் திருப்பிக்கொண்டாள். அழுகிறாள் என்று தெரிந்தது. பிள்ளையோடு வீட்டுக்கு வந்தவள் ஏன் அழ வேண்டும்?

அன்று பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து நான் இந்த விஷயத்தை முடிவு செய்தேன். இரண்டு பிள்ளைகள் வர வேண்டியிருந்தது. கார் சூடானால் வரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எண்ணெய் பாதிதான் உருகியது. ஒரு பிள்ளைதான் வந்தது. இதைவிடத் தெளிவான கணக்கு இருக்க முடியாது. பாதிச் சூட்டுக்குப் பாதிப் பிள்ளைகள். மீதியை ஜன்னலுக்கு வெளியே விட்டவள் நான். உருகிவிட்டது என்று பொய் சொன்னவளும் நான். இன்னொரு பாப்பா ஆஸ்பத்திரியில் தனியாக இருப்பதற்கு நான்தான் காரணம். வீட்டில் அதைப் பற்றி யாரும் வாய் திறக்காததற்கும் அதுதான் காரணம். என்னைத் திட்டக்கூட அவர்களுக்கு மனம் வரவில்லை.

பின்னால் தெரிந்த உண்மை சாதாரணமானது. இரட்டையரில் இளையவள் எடை மிகக் குறைவு. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். குறிப்பிட்ட எடை வரும்வரை அனுப்பமாட்டார்கள். எடை ஏறத் தாய்ப்பால்தான் நல்லது என்று சொல்லியிருந்தார்கள். எனவே அத்தை மூத்தவளுக்குப் பால் கொடுத்துவிட்டு, இளையவளுக்கான பாலைக் கதவைச் சாத்திக்கொண்டு எடுத்து வைப்பாள். அதை அப்பா தினமும் காலை ஆறு மணிக்குக் காரில் கோயமுத்தூருக்குக் கொண்டுபோவார். பால் கெடாமல் இருக்கத் தெர்மாகோல் பெட்டிக்குள் ஐஸ் வைத்து அதன் நடுவில் சின்ன பாட்டில்களை வைப்பார்கள்.

எனக்குத் தெரிந்தது ஐஸ் மட்டும்தான். அம்மா ஃபிரிட்ஜில் இருந்து ஐஸ் தட்டைத் தட்டித் தட்டிப் பெட்டிக்குள் கொட்டுவதை நான் பல் துலக்கிக்கொண்டே பார்த்தேன்.

"இது எதுக்குங்கம்மா?"

"அப்பா ஆஸ்பத்திரிக்கு மருந்து கொண்டு போறாரு."

"ஐஸ் எதுக்குங்க?"

"கெடாம இருக்கோணுமல்லோ."

"கார்ல ஹீட்டர் போடலீங்களா?"

"ஐஸை வெச்சுக்கிட்டு எவனாச்சும் ஹீட்டரைப் போடுவானா? போயி வாயைக் கொப்புளி."

திங்கட்கிழமை காரைச் சூடாக்குவதற்காக வீடே எழுந்து நின்றது. செவ்வாய்க்கிழமை அதே காருக்குள் ஐஸ் பெட்டியை ஏற்றுகிறார்கள். கைப்பிடி மறுபடி நீலத்துக்குப் போய்விட்டது. அப்பா தினமும் ஆஸ்பத்திரிக்குப் போகிறார், தினமும் வெறுங்கையோடு திரும்பி வருகிறார். வெறுங்கையோடு வராமல் என்ன செய்வார்? குளிர்ந்த காரில், அதுவும் ஐஸ் வைத்த காரில், அந்தப் பாப்பாவை யார் ஏற்றிவிடுவார்கள்? பெரியவர்கள் இந்தக் கணக்கைக் கோட்டைவிட்டிருந்தார்கள். எனக்கு மட்டும்தான் அது தெரிந்திருந்தது. சொல்லலாம் என்றால், ஜன்னலையும் பொய்யையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கும்.

அத்தையின் அறைக்கு ஒரு முறை தண்ணீர்ச் செம்பு கொண்டுபோனேன். பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். அத்தை அவளுடைய சின்னத் தொப்பிக்கு ஜோடியாக இன்னொரு தொப்பியைக் கையில் வைத்து, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது யாருக்குங்கத்தை?"

"யாருக்குமில்ல சாமி" என்று தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் நான் வேலையில் இறங்கினேன். அது வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எண்ணெய் பாட்டிலை ஃபிரிட்ஜில், ஐஸ் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். மாலை நேரத்தில் எண்ணெய் இளகிப்போயிருந்தது. சோதனை நேர்மையாக இருக்க வேண்டும் என்றால் முதலில் உறைய வேண்டும். ஒரு மணி நேரத்தில் கல்லாகிவிட்டது. கார் சாவி வாசற்கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும். நாற்காலி போட்டு எடுத்தேன். அப்பா மில்லுக்குள் இருந்தார். அம்மா அத்தைக்குப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

அப்பா செய்ததை அப்படியே செய்தேன், ஒன்றைத் தவிர. சாவியை ஒரு படி திருப்பினால் சிவப்பு விளக்கு எரியும், இன்னும் திருப்பினால் வண்டி உறுமும். உறுமுவதற்கு எனக்குப் பயம். எனவே ஒரு படியோடு நிறுத்தினேன். கைப்பிடியைச் சிவப்புக்குத் தள்ளினேன். ஃபேனைப் போட்டேன். காற்று வந்தது. சூடு வரவில்லை. சூடு பின்னால் வரும் என்று காத்திருந்தேன். காரின் சூடு எஞ்சினில் இருந்து வருகிறது, எஞ்சின் ஓடாமல் ஃபேன் மட்டும் ஓடினால் பேட்டரிதான் வடியும் என்பதை நான் தெரிந்துகொண்டது வளர்ந்து சொந்தமாக ஒரு கார் வாங்கிய பிறகு. அன்று நான் நினைத்தது ஒன்றுதான்: போன தடவை இருபது நிமிடத்துக்குப் பாதி எண்ணெய் உருகியது, அவசரப்பட்டதுதான் தப்பு, இந்த முறை நேரம் நிறையக் கொடுக்க வேண்டும்.

அம்மா ஜன்னலில் இருந்து கையை ஆட்டினாள். யாரோ பிள்ளை பார்க்க வந்திருக்கிறார்கள், வந்து டம்ளர் எடுத்துக் கொடு என்று அர்த்தம். நான் பாட்டிலை முன்பலகையின் மேல் வைத்தேன். ஃபேனை நிறுத்தவில்லை. கதவை மெதுவாகச் சாத்தினேன். விடிய விடிய ஓடினால் காலையில் அப்பா கதவைத் திறக்கும்போது கார் அடுப்புபோல் இருக்கும். அவர் ஆச்சரியப்படுவார். அன்றைக்கு அந்தப் பாப்பா வந்துவிடும். அத்தனை தறிகள் அடிக்கும் இடத்தில் ஒரு சின்ன ஃபேனின் சத்தம் யார் காதிலும் விழவில்லை.

அன்று நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் வாசலில் ஆள் நடமாட்டம் கேட்டு எழுந்தேன். பனி விலகவில்லை. காரின் முன்மூடி திறந்திருந்தது. அப்பா, பாய்லர் அண்ணன், ஷிப்டில் இருந்த இன்னும் இரண்டு பேர். அப்பா உள்ளே உட்கார்ந்து, அதிலேயே இருந்த சாவியைத் திருப்பினார். டிக் என்று ஒரு சத்தம். மறுபடி டிக். ஆட்கள் காம்பவுண்டு கேட் வரை தள்ளிக்கொண்டு போனார்கள், திரும்பத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கார் ஒரு முறை குலுங்கியது, அவ்வளவுதான்.

"பேட்டரி செத்துப்போச்சு" என்றார் அப்பா இறங்கி. "பழசு. குளிருக்குத் தாங்கல."

பாய்லர் அண்ணன் முன்மூடிக்குள் குனிந்தார். பேட்டரியின் மேல் வைத்த சந்தனமும் குங்குமமும் இன்னும் உதிராமல் இருந்தன.

"தீவாளிக்குத்தானுங்களே மாத்துனீங்க? பொட்டுகூட அழியலீங்க."

"பழசைப் புதுசுன்னு தள்ளி உட்டுட்டான் போல இருக்குது. நீ மொபெட்டை எடு."

அப்போது அத்தை வாசலுக்கு வந்தாள். பிள்ளை பெற்றவள் அறையை விட்டு வெளியே வரக் கூடாத நாட்கள் அவை. காதில் பஞ்சுகூட இல்லை. அம்மா பின்னாலேயே சால்வையோடு ஓடி வந்தாள்.

"அண்ணா, மணி ஆறரைங்க. ஏழுக்குக் குடுக்கோணுமுன்னு நர்சம்மா சொன்னாங்களே. பாலு போவலைன்னா பவுடரைக் கரைச்சு ஊத்திருவாங்களாமா. நேத்துத்தானுங்க எடை ஏற ஆரம்பிச்சுது. அதுக்கு ஒத்துக்காமப் போச்சுன்னா?"

"போயிரும். நானே கொண்டுபோயிக் குடுத்துருவேன்."

"எப்படீங்கண்ணா போவும்?"

"பஸ்ல போறேன். நீ உள்ள போ, பனில நிக்காதே."

"நங்கை, நீங்களாச்சும் சொல்லுங்க, டாக்ஸி எதாச்சும்..." என்று அத்தை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் பக்கம் அண்ணியை நங்கை என்றுதான் கூப்பிடுவோம்.

டாக்ஸிக்காரர் போனை எடுக்கவில்லை என்று அம்மா வாயசைவில் சொன்னாள்.

அப்பா தெர்மாகோல் பெட்டியை எடுக்கக் காரின் கதவைத் திறந்தார். நான் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பெட்டியை எடுத்துக்கொண்டார். பிறகு முன்பலகையின் மேல் கையை நீட்டி எண்ணெய் பாட்டிலை எடுத்தார். இரவுக் குளிரில் அது உச்சிவரை உறைந்து வெள்ளையாக இருந்தது. அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். சாவித் துவாரத்தைப் பார்த்தார். கைப்பிடியைப் பார்த்தார். அதை ஒரு விரலால் நீலத்துக்குத் தள்ளினார். சாவியை உருவினார். பாட்டிலைச் சட்டைக்குள், பனியனுக்கும் வயிற்றுக்கும் நடுவில் செருகிக்கொண்டார். என் பக்கம் திரும்பவில்லை. பாய்லர் அண்ணனின் மொபெட்டில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். அவிநாசி ரோட்டில் காந்திபுரம் பஸ் பிடிக்கப் போனார்கள்.

ஆஸ்பத்திரியில் தலைக்கு வைத்துக்கொள்ள எண்ணெய் கொண்டுபோகிறார் என்று நினைத்தேன்.

பெட்டியில் மருந்து அல்ல, பால் இருந்தது என்பது எனக்குப் புதிய செய்தி. பாலுக்கு எதற்கு ஐஸ்? எங்கள் வீட்டில் பாலைக் காய்ச்சித்தான் குடிப்போம். யாருக்கு எடை ஏறுகிறது? அத்தை கட்டிலில் உட்கார்ந்து தலையணைக்கு அடியில் கையை விட்டுக்கொண்டே இருந்தாள். அம்மா அடிக்கடி கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழு அடித்தது. ஏழரை ஆனது. போன் அடிக்கவில்லை. அன்று சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை. விளையாடப் போகவும் எனக்குத் தோன்றவில்லை. காரைச் சுற்றி ஒரு முறை நடந்து, ஜன்னலில் கை வைத்துப் பார்த்தேன். கண்ணாடி ஜில்லென்று இருந்தது. விடிய விடிய ஓடியும் ஏன் சூடாகவில்லை? கதவைச் சரியாகச் சாத்தவில்லையோ?

எட்டரைக்குத்தான் போன் வந்தது. அம்மா கேட்டுவிட்டு, அத்தையின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுபடி கதவு திறந்தபோது அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டே மூத்தவளை மடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"எட்டு மணிக்குக் கொண்டுபோயிட்டாராம். பவுடரைக் கரைச்சுட்டு இருந்தாங்களாம், இவரு போயி நிறுத்திப்போட்டாராம். முச்சூடும் குடிச்சுருச்சாம்" என்று அம்மா அத்தையிடம் இன்னொரு தடவை சொன்னது வாயசைவில் தெரிந்தது. யார் குடித்தது என்று கேட்கவில்லை. கேட்டால் ஒண்ணுதான் என்பாள்.

அப்பா பதினோரு மணிக்கு வந்தார். பஸ்ஸில் நின்றுகொண்டே போய் நின்றுகொண்டே வந்தவரின் சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. வெயில் நன்றாக ஏறியிருந்தது. நான் படியில் உட்கார்ந்திருந்தேன். அவர் உள்ளே போகாமல் என் பக்கத்தில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். பிறகு சட்டைக்குள் கையை விட்டு எண்ணெய் பாட்டிலை எடுத்து என் கையில் கொடுத்தார். பாட்டில் சூடாக இருந்தது. எண்ணெய் ஒரு துளி வெள்ளை இல்லாமல், தண்ணீர்போல் அடிவரை தெளிந்திருந்தது.

"பாரு கண்ணு, முச்சூடும் உருகிருச்சு" என்றார். "போயி அலமாரில வெச்சுரு."

அப்போது நான் ஜன்னலைப் பற்றிச் சொல்லிவிட வாயெடுத்தேன். அவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

அடுத்த வாரத்தின் கடைசியில் ஒரு நாள், பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வீட்டில் இரண்டு பாப்பாக்கள் இருந்தார்கள். இரண்டாவது பாப்பாவை மதியம் இரண்டு மணிக்கு அழைத்து வந்தார்களாம். ஜோசியரைக் கேட்டார்களா என்று தெரியாது. ஆஸ்பத்திரி வெயிலில் காலையில் இருந்து நின்ற கார், உள்ளே கால் வைக்க முடியாத சூடாம். அம்மா வழி முழுக்க விசிறிக்கொண்டு வந்தாளாம். அந்தக் கைப்பிடியை யாரும் தொடவில்லை. அத்தை இரண்டு தொப்பிகளையும் போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டு அக்கா வாயில் கை வைத்தார்.

"ஏனுங்க, ரெண்டா! ஒண்ணுன்னு சொன்னீங்களே?"

"ரெண்டுதானுங்க" என்றாள் அம்மா, எப்போதும் அப்படித்தான் சொல்லிவந்தவள்போல.

எனக்குள் பெருமை இருந்தது. எண்ணெய் முழுவதும் உருகியது, பிள்ளை வந்துவிட்டது. கணக்கு சரி. காரை விடிய விடிய சூடாக்கியது நான் என்று யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. நல்ல காரியத்தைச் சொல்லிக்காட்டக் கூடாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள்.

அப்பா புதிய பேட்டரி ஒன்று வாங்கிப் போட்டார். அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். பழைய பேட்டரியை விற்ற கடைக்காரரிடம் போய் ஏன் சண்டை போடவில்லை என்று பாய்லர் அண்ணன் பல நாள் கேட்டுக்கொண்டிருந்தார். அப்பா ஒவ்வொரு முறையும் பிரசரைப் பார்க்கச் சொல்லி அனுப்பிவிட்டார்.

ஒரே ஒரு விஷயம்தான் எனக்கு விளங்கவில்லை. வாசற்கதவுக்குப் பக்கத்து ஆணி அதன்பிறகு காலியாகவே இருந்தது. அப்பா கார் சாவியைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார், குளிக்கப் போகும்போதுகூடக் கையோடு எடுத்துப்போனார். ஊரில் திருடர்கள் நடமாடுகிறார்களோ என்று நினைத்து, சில நாட்கள் நான் இரவில் கேட்டைப் பூட்டியாயிற்றா என்று அம்மாவைக் கேட்டுவிட்டுத்தான் படுத்தேன்.